பிஏபியா, தைடயசுரானா? சீனித்துளசிக்கு எந்த ஹார்மோன்?

மலேசியாவில் இனிப்புப் பான வரி 2019-இல் லிட்டருக்கு 40 சென் என்று தொடங்கி 2025-இல் 90 சென் ஆகிவிட்டது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் இனிப்பு நீர்க்காரர்கள் (நீரிழிவுக்காரர்கள்) தே தாரே என்ற பால் தேநீரைச் சீனி குறைத்துக் கேட்பதும் புதிதில்லை. இலையே இனிக்கும் சீனித்துளசியை (ஸ்டீவியா) நாற்று போட்டால் என்ன என்று சிலர் யோசிக்கிறார்கள். ஆனால் விதை சரியாக முளைக்காது. முளைத்தாலும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு தரம். அதனால்தான் திசு வளர்ப்பு, அதாவது செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துப் பெருக்குவது. முராசிகே–ஸ்கூக் என்ற சத்து ஊடகத்தில் எந்த சைட்டோகைனினை, அதாவது தளிர்விடத் தூண்டும் ஹார்மோனைக் கலப்பது என்பதில்தான் தகராறு.

கண்ணைப் பறிப்பது தைடயசுரான். பருத்திச் செடியின் இலையை உதிர்க்க வந்த யூரியா வகைச் சேர்மம் இது. செடியின் நொதிகளால் இதை எளிதில் சிதைக்க முடியாது என்பதால் துளியூண்டு போதும், குடுவை முழுக்கத் தளிர்தான். ஆய்வேட்டில் போட அழகான எண்ணிக்கை! ஆனால் அளவு சற்றே கூடினாலும் தளிர்கள் குட்டையாக, கண்ணாடிபோல் நீர்கோத்து நிற்கும். வேர் விடவும் அடம்பிடிக்கும்.

இன்னொரு சைட்டோகைனினான பிஏபி (பென்சைல் அமினோ பியூரின்) அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்யாது. லிட்டருக்கு 0.5 முதல் 2 மி.கி. வரை கலந்தால் போதுமான தளிர் வரும், இலையும் இலையாக இருக்கும். மூன்றாவது சைட்டோகைனினான கைனெட்டின் மந்தம், பிஏபிக்குத் துணையாகச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

சரி, இனிப்பு? அதைத் தரும் ஸ்டீவியோசைடும் ரெபாடியோசைடு-ஏயும் பச்சை இலையில் சேர்பவை. அவற்றின் தயாரிப்பு பசுங்கணிகத்தில் தொடங்குகிறது. ஆக்சின் என்ற இன்னொரு வகை ஹார்மோன் கொடுத்து வளர்க்கும் கேலஸ் திசு (உருவமற்ற செல் திரள்) மளமளவென்று பெருகும், ஆனால் அதில் இந்தச் சேர்மங்கள் மிகக் குறைவு. வேரிலும் அப்படியே. ஆகவே எந்த ஹார்மோனையும் தளிர்களை எண்ணி மதிப்பிட நான் ஒப்பமாட்டேன். மண்ணுக்கு மாறிப் பிழைத்த செடியின் ஒரு கிராம் உலர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டட்டும். குடுவைக் கணக்கில் ஜெயிப்பது கிராம் கணக்கில் தோற்கலாம்.

செடியை நெட்டையாக்கும் ஹார்மோனான ஜிப்ரலினைத் தடுத்தால் இனிப்பு கூடும் என்று ஒரு வாதம் உண்டு. ஜிப்ரலினும் இனிப்புச் சேர்மங்களும் காரினோயிக் அமிலம் வரை ஒரே பாதையில் வந்து பிரிபவை என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பலரும் கையில் எடுக்கும் ஜிப்ரலின் தடுப்பானான பேக்லோபியூட்ரசால் அந்தப் பிரிவுக்கு முன்பே அடைத்துவிடும். ஒரு கிளையை மூடி மறு கிளைக்குத் திருப்பும் வேலை அதனால் ஆகாது.

என் தேர்வு, லிட்டருக்கு 1 மி.கி. பிஏபி. பிறகு பாதிச் செறிவு ஊடகத்தில் ஹார்மோன் இல்லாமலோ, கொஞ்சம் ஐபிஏ (வேர்விடத் தூண்டும் ஓர் ஆக்சின்) சேர்த்தோ வேர்விட வைக்கலாம். இன்னொன்று, சீனித்துளசி குறும்பகல் செடி, அதாவது பகல் குறைந்தால் பூக்கும். பினாங்கில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பகல் சுமார் 13 மணி நேரத்துக்குக் குறைந்தாலே அது பூக்கத் தொடங்கும், பூத்தபின் இலையில் இனிப்பு இறங்கும். பூக்காமல் தடுக்க நாற்றங்காலில் போடும் இரவு விளக்குக்கு ஆகும் மின்கட்டணத்தையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.