மொரிஷியஸில் வீடு எங்கே பார்ப்பது: கடலோரமா, மேட்டு ஊரா?

வேலை கிடைத்து மொரிஷியஸ் வரும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, எந்த ஊரில் வீடு பார்க்கலாம் என்றுதான். வடக்கே கடலோரத்தில் கிராண்ட் பே இருக்கிறது. தீவின் நடுவே மேட்டு நிலத்தில் ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன், கியூர்பிப் மூன்றும் வரிசையாக இருக்கின்றன. மேற்குக் கரையில் தலைநகர் போர்ட் லூயிஸ். சின்னத் தீவுதானே, எங்கே இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் யாரோடு பழகுகிறீர்கள், எந்த மொழியில் காய்கறி வாங்குகிறீர்கள், பிள்ளைகள் யாரோடு விளையாடுகிறார்கள் எல்லாமே குடியிருக்கும் ஊரைப் பொறுத்ததுதான்.

கிராண்ட் பேயின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்திலும் இதமான வெயில், நடந்து போகும் தூரத்தில் கடல், சாமான்களோடு வாடகைக்குக் கிடைக்கும் வீடுகள். வெளிநாட்டவரைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளலாம். முதல் மூன்று மாதம் இதெல்லாம் பெரிய நிம்மதி. அப்புறம் அதுவே தடையாகிவிடும். பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் போல வந்து போகிறவர்தான். இந்த நாட்டு மக்கள் பேசும் கிரியோல் மொழியைப் பேச வேண்டிய கட்டாயமே வராது. அலுவலகம் ரோஸ் ஹில் பக்கத்தில் ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த எபேனில் என்றால் காலை நெரிசலில் தினமும் சிக்க வேண்டும். வடக்கே மெட்ரோவும் கிடையாது.

மெட்ரோ மேட்டு ஊர்களுக்குத்தான் வந்தது. 2020 தொடக்கத்தில் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியது, 2022-இல் கியூர்பிப் வரை நீண்டது. எபேன் வழியாக, பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுய் போகும் கிளையும் இப்போது இருக்கிறது. நம்மவர்களில் நிறைய பேருக்கு எபேனில்தான் வேலை. ரோஸ் ஹில்லில் வீடு இருந்தால் கார் வாங்கும் யோசனையையே தள்ளிப்போடலாம்.

ஆனால் மேட்டு ஊரை நான் சிபாரிசு செய்வதற்கு மெட்ரோ முதல் காரணம் இல்லை. இங்கே சுற்றிலும் இந்த ஊர் மனிதர்கள் இருக்கிறார்கள். குவாத்ர் போர்ன் சந்தையில் புதன், சனிக்கிழமைகளில் காய்கறி, வியாழன், ஞாயிறுகளில் துணிமணி. கடைக்காரரிடம் 'போன்ஸூர்' சொல்லிவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் கேட்டால் மரியாதைக் குறைவு. நம்மூரில் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இங்கே மாலையிலேயே கடைகள் மூடுவது சிரமம்தான். வியாழக்கிழமை மதியத்துக்கு மேல் இந்த ஊர்களில் பல கடைகள் திறந்திருக்காது. இதெல்லாம் பழகிவிடும்.

மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டு, தெருவில் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே கைவினைஞர்களாக வந்தவர்களின் வழிவந்தவர்களும் உண்டு, 1834-க்குப் பின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களும் உண்டு. தமிழ் பேசவில்லையே என்று அவர்களை எடைபோடாதீர்கள். தைப்பூசக் காவடிக்கு நாள் கணக்கில் கறி மீன் தொடாமல் விரதம் இருக்கிறார்கள். அன்று நாடு முழுக்க அரசு விடுமுறை. குவாத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குக் காவடி ஏறுவதைப் பார்த்தால் யாருக்கும் மனம் நிறையும். கோவில் பழக்கம் ஏற்பட்டால் விசேஷத்துக்கு அழைப்பும் வரும், வாழை இலையில் ஏழு கறி விருந்தும் கிடைக்கும். கிராண்ட் பே அடுக்குமாடியில் இருந்துகொண்டு இந்த உறவைச் சம்பாதிப்பது கஷ்டம்.

கியூர்பிப் மட்டும் யோசித்து எடுக்க வேண்டியது. மழையும் ஈரமும் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை துணி காயாது, அலமாரியில் செருப்பு பூஞ்சை பிடிக்கும். வீசிங் உள்ள பிள்ளைகள் இருந்தால் ரோஸ் ஹில்லோடு நின்றுகொள்வதே நல்லது.

போர்ட் லூயிஸில் வேலை பார்க்கலாம், குடியிருக்கச் சொல்ல மாட்டேன். கோடையில் புழுக்கம், அலுவலகம் முடிந்ததும் நகரின் நடுப்பகுதி காலியாகிவிடும். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தெருக்களில் வெள்ளம் கார்களையே அடித்துக்கொண்டு போனது.

ஹோட்டல் வேலைக்கு வடக்கே வருகிறவர்களும், ஒரே வருட ஒப்பந்தத்தில் வருகிறவர்களும் கிராண்ட் பேயே எடுக்கட்டும், அவர்களுக்கு அது சரி. பிள்ளைகளோடு, சில வருடம் இருக்கும் எண்ணத்தோடு வருபவர்கள் ரோஸ் ஹில் அல்லது குவாத்ர் போர்னில் பாருங்கள். முன்பணம் கொடுக்கும் முன் மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், மழை குறைந்த மாதங்களில் குழாயில் நேரம் பார்த்துத்தான் தண்ணீர் விடுவார்கள். நவம்பரிலிருந்து புயல் காலம் என்பதால் ஜன்னல்கள் இறுக மூடுகின்றனவா என்றும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள்.