ஏரிக்கரைக்கு 8×42 பைனாகுலர் போதும்

காவேரிப்பாக்கம் மாதிரி பரந்த ஏரி என்றதும் 10×42 (10 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம்) வாங்கத்தான் கை நீளும். வேண்டாம், கரைமேல் காற்றில் கை நடுங்கினால் பறவையும் கூடவே ஆடும். 8×42 நிலையாக நிற்கும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ., விடியற்காலைக்கும் தாராளம். வரித்தலை வாத்தின் பின்னந்தலையில் இரண்டு கருங்கோடுகளும் தனித்தனியாகத் தெரியும். அது குளிர்கால விருந்தாளி. முட்டையிடுவது லடாக், திபெத் பக்கம். இங்கே குஞ்சுகளோடு நீந்துவது புள்ளிமூக்கு வாத்தாக இருக்கும்: கறுத்த அலகு, நுனியில் மஞ்சள்.

வலது லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலக்கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதை விட்டால் தலைவலிதான். நைட்ரஜன் நிரப்பாத மாடல் வாங்காதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் சேர்ந்து உள்ளே பூஞ்சை பிடிக்கும். கூடுள்ள கோரைப் பக்கம் போகவே வேண்டாம். தாய் எழுந்தால் காக்கை முட்டையைத் தூக்கிவிடும்.