மெட்டா அனாலிசிஸுக்காகப் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் பிஎச்.டி. செய்கிறவர்கள் பலரும் ராமநாதபுரத்தில் ஒரு புராஜெக்ட் சென்டருக்குப் போகிறீர்கள். தீசிஸ் டைப்பிங், பைண்டிங் என்றால் தாராளமாகப் போங்கள், நன்றாகவே செய்கிறார்கள். மெட்டா அனாலிசிஸை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே கணக்காகப் போடும் வேலையை மட்டும், அங்கே கொடுக்காதீர்கள்.

கடல்பாசிச் சாற்றைத் தெளித்தால் பயிர் விளைச்சல் எவ்வளவு கூடுகிறது என்பது என் தலைப்பு. நம் கரையில் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற அதே கப்பாபைகஸ்தான். வெளிவந்த ஆய்வுகளின் எண்களைத் திரட்டி எக்செல்லில் கொடுத்தேன். "ஒரிஜினல் சாஃப்ட்வேர் சார், லைஃப்டைம் லைசென்ஸ்" என்று 14,000 ரூபாய் வாங்கினார்கள். லேப்டாப்பில் ஏற்றித் தந்ததோ ட்ரையல் வெர்ஷன். கெடு முடிந்ததும் திறக்கவில்லை. போன் செய்தால், லேப்டாப் தேதியைப் பின்னால் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள்!

அதைவிடக் கூத்து, அவர்கள் போட்டுத் தந்த ஃபாரஸ்ட் பிளாட் (ஒவ்வொரு ஆய்வின் முடிவையும் ஒரு சதுரமாகவும், அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பதைக் கோடாகவும் காட்டும் படம்). ஒரு நெல் ஆய்வுக்கு மட்டும் கோடு சதுரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. மொத்த வெயிட்டில் பாதிக்கு மேல் அதற்கே. அந்தக் கட்டுரையில் இருந்தது ஸ்டாண்டர்ட் எர்ரர் (சராசரி எவ்வளவு பிசகலாம் என்பது); எக்செல்லிலும் அப்படித்தான் குறித்திருந்தேன். அதைத் தூக்கி எஸ்.டி. (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், தனித்தனி அளவுகளின் சிதறல்) இடத்தில் போட்டிருக்கிறார்கள். எர்ரர் 2, மாதிரி 16 என்றால் எஸ்.டி. 8 (2 × 16-இன் வர்க்கமூலம்). அங்கே 2 போனால் வேரியன்ஸ் (எஸ்.டி.யின் வர்க்கம்) பதினாறில் ஒரு பங்காகிவிடும். வேரியன்ஸ் குறையக் குறைய வெயிட் கூடும் என்பதால், ஃபிக்ஸட் எஃபெக்ட்டில் (எல்லா ஆய்விலும் உண்மை விளைவு ஒன்றே என்று கொள்ளும் முறை) மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட அதன் கனம் 16 மடங்கு ஏறிவிடும்.

ஐ ஸ்கொயர் (ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகின்றன என்பதன் அளவு) 80 சதவீதத்தைத் தாண்டியும் ஃபிக்ஸட் எஃபெக்ட்டில்தான் ஓட்டியிருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ரேண்டமில் போட்டா பி வேல்யூ வராது சார்." அதாவது, விளைவு ஆய்வுக்கு ஆய்வு மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் முறையில் போட்டால் முடிவு 'சிக்னிஃபிகன்ட்' ஆகாதாம். இதற்கு என்ன சொல்வது?

பணம் திரும்பவில்லை. ரசீதில் 'கணினி வேலை' என்று மட்டும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

இதற்கு சாஃப்ட்வேர் வாங்கவே தேவையில்லை. ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதில் மெட்டாஃபார், மெட்டா இரண்டு பேக்கேஜும் இலவசம். மெட்டாஃபார் வழக்கமாகவே ரேண்டம் எஃபெக்ட்ஸில்தான் ஓடும். கோட் எழுதத் தயக்கமா? ஜாஸ்ப் இருக்கிறது, மெனுவிலேயே முடிந்துவிடும். ஜமோவி என்றால் மேஜர் என்ற மாட்யூலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எதில் செய்தாலும், கட்டுரையில் இருப்பது எர்ரரா எஸ்.டி.யா என்று அட்டவணையின் அடிக்குறிப்பைப் பார்த்துவிடுங்கள்.

வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், ஓட்டிய ஸ்கிரிப்ட்டையும் டேட்டா ஃபைலையும் சேர்த்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். படம் மட்டும்தான் என்றால் முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.