இலை ஒட்டலா, பட்டைத் தேய்ப்பா, இலை அச்சா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். மரத்தையும் இலையையும் வைத்துச் செய்யும் வேலைகளில் மூன்றைப் பல தடவை செய்து பார்த்துவிட்டோம்.

காய்ந்த இலையைத் தாளில் ஒட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். எங்கள் பக்கம் அது சரிவராது. ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால், புத்தகத்துக்குள் வைத்த இலை காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். அதே மாதங்களில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வெயில் காயும். அந்த ஊவா மாகாணத்தில் இருப்பவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

பட்டைத் தேய்ப்புக்கு மெல்லிய தாளும் கிரேயோனும் போதும். கிரேயோன் இல்லையா, கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை, அதாவது மிலாறு, அடுப்பில் எரிந்து மிஞ்சிய கரி இருக்கிறது. தேயிலைக்கு நிழலாக நிற்கும் கிரவில்லியாவின் பட்டையில் வெடிப்பு வெடிப்பாக அழகான கோடுகள் விழும். பட்டை உரிந்து வழவழவென்று நிற்கும் யூக்கலிப்டஸில் ஒன்றும் விழாது. இதைக் கண்டுபிடித்த பையன் ஒருவன், அப்புறம் ஒவ்வொரு மரத்தையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தாளை வைத்தான். பனி விலகிப் பட்டை காய்ந்த பிறகு போங்கள், ஈரத்தில் தாள் கிழியும். ஐந்து, ஆறு வயதுக்கு இதுதான் பொருத்தம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு நான் இலை அச்சைத்தான் சொல்வேன். நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் சாயத்தை மெல்லிசாகப் பூசி, தாளில் வைத்து உள்ளங்கையால் அழுத்த வேண்டும். கொய்யா இலை ஏமாற்றாது. தேயிலையில் கொழுந்து நசுங்கிப்போகும், முற்றிய இலைதான் வேண்டும். மருந்தடித்த தேயிலை மலையில் இலை எடுக்கவே விடாதீர்கள். தேயிலையின் ஓரம் ரம்பப் பல் மாதிரி இருப்பதை, கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள் ஒருத்தி தன் அச்சில்தான் முதன்முதலில் கவனித்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் இதற்கு ஈடாகத் தெரியவில்லை. சாயம் இல்லாத நாளில், அடியில் வெள்ளைப் பொடி படிந்த பன்னம் என்ற பெரணிச் செடியின் இலையைப் புறங்கையில் வைத்துத் தட்டினாலே இலை அப்படியே பதிந்துவிடும்.

மழை நாளில் அச்சுத்தாளும் லேசில் காயாது. அடுப்படியில், நெருப்புக்கு எட்டாத உயரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். கொஞ்சம் புகை வாசம் ஏறும், ஆனால் காலையில் எடுத்துச் சுவரில் ஒட்டலாம்.