முக்கோண மனை: எந்தப் பக்கம் நீட்டுனா சதுர அடி ஏறும்?

கூடுவாஞ்சேரி, படப்பை பக்கம் மனை பாக்கப் போனா ரோடு வளையுற எடத்துல முக்கோணமா ஒரு துண்டு காட்டுவாங்க, பக்கத்து மனைக்காரரு கொஞ்சம் விட்டுத் தர்றாராம், சேத்து வாங்கிடுங்க சார்னு. எந்தப் பக்கம் சேக்குறது?

ரோட்டு முகப்பு 60 அடி, அதுலேந்து செங்குத்தா பின்முனை வரைக்கும் 40 அடின்னு வைங்க. பெருக்கி பாதியாக்குனா 1200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு.

முகப்புல 10 அடி கூட்டுனா 1400. அதே 10 அடிய ஆழத்துல கூட்டுனா 1500! ஏன்னா ஆழத்துல கூடுற ஒவ்வொரு அடியும் 60-ல பாதி, 30 சதுர அடி தருது, முகப்புல கூட்டுனா 40-ல பாதி 20 தான் வரும். அதனால எந்த அளவு சின்னதோ அதுல சேக்குறதுதான் லாபம். சதவீதத்துல பேசுனா இந்த வித்தியாசம் கிடையாது, எதுல 10 சதவீதம் கூட்டுனாலும் 1320 தான். ஆனா முகப்பு 10 சதவீதம் கூட, ஆழம் 10 சதவீதம் கம்மி, ரெண்டும் சரியாப்போச்சுன்னு சொன்னா தலையாட்டாதீங்க, 66-க்கு 36 போட்டா 1188 தான் வரும். எல்லா அளவையும் டபுள் பண்ணா நாலு மடங்கு, ரெண்டு கிரவுண்டு, அவ்ளோ காசு இருக்குறவன் முக்கோணத்த ஏன் வாங்கப்போறான்!

நெஜமா ஏமாத்துறது சாய்வுப் பக்கங்கதான். முனை நடுவுல இருந்தா ரெண்டு சாய்வும் 50 அடி. அந்த 50-ஐ அப்படியே வச்சுட்டு முகப்ப மட்டும் 80 ஆக்குனா என்ன ஆகும்? ஆழம் 30-ஆ சுருங்கி மறுபடியும் அதே 1200, 20 அடி முகப்பு கூடியும் ஒரு சதுர அடி ஏறல. நடுவுல 71 அடி கிட்ட 1250 வரைக்கும் போய் எறங்கிடும், 100 அடி ஆனா மனையே கோடாயிடும். கடை போடுறவங்களுக்கு அந்த 80 அடி முகப்பு ஓகே, வீடு கட்ட வேஸ்ட்.

இன்னொரு ஆப்ஷன், முனைய ரோட்டுக்கு இணையா ஒரு ஓரத்துக்குத் தள்ளி செங்கோணமாக்குறது. பரப்பளவு மாறாது, மூலைமட்டத்துக்கு ரூம் வரும், எனக்கு இதுதான் பிடிக்கும், ஆனா காம்பவுண்டு சுவரு 160 அடிலேந்து 172 அடி ஆயிடும்.