மாக்சிம்ஸ் பேலஸ், ஹாங்காங்: வண்டியில் எதை எடுப்பது, எதை விடுவது

ஹாங்காங் சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் கே வாசல் வழியாக மேலே வந்தால் கொஞ்ச தூரத்தில் சிட்டி ஹால். 1962-இல் திறந்த கட்டடம். அதன் உயரம் குறைந்த பகுதியில், இரண்டாம் மாடியில் இருக்கிறது மாக்சிம்ஸ் பேலஸ் என்ற டிம் சம் உணவகம். டிம் சம் என்றால் தேநீரோடு சாப்பிடும் சின்னச் சின்னச் சீனப் பலகாரங்கள். அதே வளாகத்தில் திருமணப் பதிவு அலுவலகமும் உண்டு. மேலே இந்தக் கூடமும் சரவிளக்குகளும் வட்ட மேசைகளுமாக, கல்யாணப் பந்தி போலத்தான் இரையும். எதிரில் இருப்பவரிடம் பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.

கூட்டம் வருவது தள்ளுவண்டிக்காக. மூங்கில் கூடைகளை அடுக்கிக்கொண்டு, பலகாரத்தின் பெயரைக் கூவியபடி பணிப்பெண்கள் மேசை மேசையாக வருவார்கள். வண்டியின் முகப்பில் பெயரட்டை தொங்கும். கையைக் காட்டினால் கூடை மேசைக்கு வந்துவிடும். மேசையில் இருக்கும் அட்டையில் சிறியது, நடுத்தரம், பெரியது, ஸ்பெஷல் என்று விலைப் பிரிவுக்கு ஏற்ப ஒரு முத்திரை விழும். ஹாங்காங்கின் பெரும்பாலான டிம் சம் கடைகள் இதையெல்லாம் விட்டுவிட்டு, சீட்டில் குறி போட்டு வாங்கும் முறைக்குப் போய்விட்டன.

வண்டி அழகுதான், ஆனால் அடுப்பிலிருந்து இறங்கிய கூடை கூடத்தைச் சுற்றி உங்களிடம் வந்து சேரக் கால் மணி நேரம்கூட ஆகலாம். எந்தப் பலகாரம் அதைத் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்தவருக்கு இது முதல்தரமான இடம். தெரியாதவர் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி, சுமாராகச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

தாங்காததில் முதலாவது ஹார் காவ், இறால் கொழுக்கட்டை. அதன் தோல் கோதுமை மாவு இல்லை. மாவிலிருந்து பசைச்சத்தைக் கழுவி நீக்கியபின் எஞ்சும் கோதுமை ஸ்டார்ச். அதோடு மரவள்ளி ஸ்டார்ச். ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு. பசைச்சத்து இல்லாததால் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு சேராது. நம் கொழுக்கட்டை மாவைப் போலவே கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கிளறி, கொஞ்சம் பன்றிக்கொழுப்பு சேர்த்துப் பிசைவார்கள். தண்ணீர் சற்று ஆறியிருந்தாலும் போச்சு, மாவு பொரபொரவென்று உதிரும். சிறு உருண்டையை எண்ணெய் தடவிய மழுங்கல் கத்தியின் பட்டைப் பக்கத்தால் அழுத்தி ஒரே இழுப்பு இழுத்தால் வட்டத் தோல் தயார். ஒரு பக்கம் மட்டும் மடிப்பு வைத்து மூட வேண்டும். பத்துக்குக் குறையாத மடிப்பு நல்ல கைக்கு அடையாளம். பதின்மூன்று என்பது பழைய சமையற்காரர்களின் பெருமை. பெரிய ஆவியில் ஐந்து நிமிடம் போதும்.

சரியாக வெந்தது கண்ணாடி போல இருக்கும், உள்ளே இறாலின் ரோஜா நிறம் தெரியும். சாப்ஸ்டிக்கால் தூக்கும்போது தோல் கிழியக்கூடாது, அடியில் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரவும் கூடாது. கிழிந்தால் ஆவியில் அதிக நேரம் இருந்திருக்கிறது என்று பொருள். ஆற ஆற ஸ்டார்ச் மறுபடி இறுகும். தோல் வெளுத்து, ஓரம் ரப்பராகிவிடும். திரும்ப ஆவி காட்டினால் மென்மை வரும், ஆனால் தோல் பிசுபிசுத்துப் பிய்யும். ஆகவே வண்டியில் வரும் ஹார் காவை மூடியைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. மூடியடியில் நீர் துளித்துளியாகக் கோத்து, ஆவி முகத்தில் அடித்தால் எடுக்கலாம். இல்லையென்றால் அடுத்த வண்டி வரட்டும். திறந்து காட்டச் சொல்வதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

சியுங் ஃபன்னும் இதே வகை. அரைத்த அரிசிப்பாலைத் தட்டிலோ துணியிலோ மெல்லிசாக ஊற்றி, ஒன்றிரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, வழித்துச் சுருட்டுவது. இட்லித்துணி பார்த்த கண்ணுக்கு அது ஒன்றும் புதிதில்லை. சுருள் வெந்த சூட்டில் வழுவழுவென்று நழுவ வேண்டும். காத்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இனிப்புச் சோயா சாஸை மேசைக்கு வந்தபின் ஊற்றுவதுதான் முறை. முன்கூட்டியே ஊற்றியிருந்தால் தோல் அதைக் குடித்துக் கறுத்து உப்பு ஏறிக் கிடக்கும்.

சார் சியூ பாவ் நடுவில் நிற்கிறது. பன்றி வறுவல் வைத்த அந்த வெள்ளைப் பன்னின் தலை பஞ்சு போல மூன்றாகப் பிளந்திருக்க வேண்டும். பிளப்பது புளித்த மாவும் அமோனியம் பைகார்பனேட்டும் பேக்கிங் பவுடரும் சேர்ந்து செய்யும் வேலை. அதற்குப் பெரிய ஆவி வேண்டும், நடுவில் மூடியைத் திறக்கவும் கூடாது. தலை மூடிக் கிடந்தால் ஆவி போதவில்லை. மஞ்சள் புள்ளி தெரிந்தால் அந்தப் பொடிகள் சரியாகக் கரையவில்லை. மூக்கில் ஏறும் நெடி வந்தால் அமோனியா முழுதும் வெளியேறவில்லை, அந்தக் கூடையைத் தொட வேண்டாம்.

வண்டிக்கென்றே பிறந்தவை வேறு. ஃபுங் ஜாவ் என்ற கோழிக்கால், பாய் குவாட் என்ற கறுப்பு அவரைக் குழம்பில் வெந்த விலா எலும்பு, தாமரை இலையில் கட்டிய பசையரிசிப் பொட்டலமான லோ மாய் காய். மூன்றுமே கூடையில் கூடுதலாகக் கால் மணி நேரம் இருந்தால் கெடுவதில்லை; கோழிக்கால் இன்னும் இளகவே செய்யும். அதைச் செய்வது ஒரு நீண்ட வேலை. நகம் வெட்டி, எண்ணெயில் பொரித்து, உடனே குளிர்ந்த நீரில் மணிக்கணக்காக ஊறவைப்பார்கள். தோல் உப்பிச் சுருங்கிப் புலித்தோல் போல வரி விழுவது அப்போதுதான். பிறகு இஞ்சி, அன்னாசிப்பூவோடு மெல்லிய தீயில் வேகவிட்டு, கடைசியில் புளித்த கறுப்பு அவரைக் குழம்பு பூசி ஆவியில் வைப்பது. வாயில் போட்டு உதட்டாலும் நாக்காலும் இழுத்தாலே தோல் எலும்பை விட்டுக் கழன்று வர வேண்டும், பல்லுக்கு வேலை வரக்கூடாது. தோல் மொழுமொழுவென்று இருந்தால் பொரிக்கும் கட்டத்தை யாரோ தாண்டிவிட்டார்கள். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வையுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

லோ மாய் காயின் தாமரை இலையைத் தின்னக்கூடாது. வாழையிலைப் பொட்டலம் பிரித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பசையரிசி வயிற்றை நிரப்பிவிடும். இரண்டு பேருக்கு ஒன்று வாங்கி, அதையும் முடிவில் எடுப்பது நல்லது. முதலில் இறால், அப்புறம் பன்றி, பிறகு பொரித்தது, கடைசியில் அரிசியும் இனிப்பும் என்று போனால் நாக்கும் வயிறும் ஒத்துழைக்கும். டான் தாட் என்ற முட்டை டார்ட் சூடாக இருந்தால் மட்டும். நடுவில் கஸ்டர்ட் லேசாக ஆட வேண்டும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் ஜன்னலோரம் கேட்கிறார்கள். கடற்கரை ஒரு காலத்தில் இந்தக் கட்டடத்தின் எதிரிலேயே இருந்தது. மண் போட்டுக் கடலை நிரப்பினார்கள். எதிரில் இருந்த குவீன்ஸ் பியர் படகுத்துறையையும் 2008-இல் இடித்தார்கள். இப்போது ஜன்னலில் தெரிவது முன்னால் தரை, அதைத் தாண்டித் துறைமுகம். சாப்பாட்டுக்காக வந்தவர் கேட்க வேண்டியது சமையலறைக் கதவுக்குப் பக்கத்து மேசை. வண்டி நிறைந்து, சூடு குறையாமல், முதலில் வருவது அங்கேதான். அதைக் கேட்டு யாரும் போட்டிக்கு வருவதும் இல்லை. வண்டி ஓடுவது பகல் வேளையில் மட்டும். ஞாயிறு என்றால் கதவு திறக்கும் நேரத்துக்கே போய் எண் சீட்டு வாங்கிவிடுங்கள்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி தேநீர் பற்றித்தான். இந்தச் சாப்பாட்டுக்கே பெயர் யம் சா, தேநீர் குடிப்பது. எண்ணெய்ப் பலகாரத்துக்கு போ லேய், அதாவது பூ-ஏர் என்ற கறுத்த சீனத் தேநீர், நன்றாக ஈடுகொடுக்கும். மண் வாசனை பிடிக்காதவர்கள் அதில் சாமந்தி கலந்த குக் போ கேட்கலாம். முதல் ஊற்றல் குடிக்க அல்ல, கிண்ணமும் சாப்ஸ்டிக்கும் அலச. பானை காலியானால் மூடியைச் சாய்த்து வையுங்கள், வெந்நீர் தானாக வரும். யாராவது உங்கள் கோப்பையில் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவதே நன்றி. மாறுவேடத்தில் போன சீனப் பேரரசர் சியென்லுங் ஊற்றிய தேநீருக்கு உடன் போனவர்கள் விரலை மடக்கி வணங்கினார்கள் என்று அதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இங்கே கஷ்டம்தான். லோ பாக் கோ முள்ளங்கிப் பலகாரம், ஆனால் அதில் உலர் இறாலும் சீனப் பன்றித் தொத்திறைச்சியும் இருக்கும். மாம்பழப் புட்டிங்கில் ஜெலட்டின் இருக்கக்கூடும். பயமில்லாமல் எடுக்கலாம் என்றால் சர்க்கரைப் பாகு ஊற்றிய டோஃபு ஃபா, அதாவது சோயாப் பாலில் செய்த இளகிய டோஃபு. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் டோஃபு தோல் மேல் உட்கார்ந்து வரும் உருண்டையைக் கவனியுங்கள். பக்கத்தில் வூஸ்டர்ஷைர் சாஸ் கிண்ணம் வந்தால் அது மாடுதான்.

ஹார் காவும் சார் சியூ பாவும்தான் முக்கியம் என்று நினைப்பவர்களுக்குச் சீட்டில் குறி போடும் கடையே சரி. 2009-இல் ஹாங்காங்கின் மோங் கோக் பகுதியில் சின்னக் கடையாகத் தொடங்கி, அடுத்த ஆண்டு மிஷலின் உணவகக் கையேட்டிலேயே நட்சத்திரம் வாங்கிய டிம் ஹோ வான் அந்த வகை. கேட்டபின் செய்து தருவார்கள். அவர்களுடைய மொறுமொறு மேலோடு போட்டுச் சுட்ட பன்றி பன்னை வண்டியில் வைத்துச் சுற்றியிருந்தால் அந்த மொறுமொறுப்பு மேசை வரை வந்திருக்காது. அங்கே கூச்சல் குறைவு, வேடிக்கையும் குறைவு.

பில்லில் பலகாரத்தின் விலையோடு தலைக்கு இவ்வளவு என்று தேநீர்க் கட்டணம் வரும். அதற்கு சா வாய் என்று பெயர். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் உண்டு. மொத்தத்தின் மேல் கா யாட், பத்து சதவீதச் சேவைக் கட்டணம். மேசைக்கு வந்த கூடைகளையும் அட்டையிலுள்ள முத்திரைகளையும், காலிக் கூடைகளை எடுத்துப் போவதற்குள் எண்ணிவிடுங்கள். பிறகு 'மாய் தான்' என்றால் பில் வரும்.