ஹாலிவுட் எகிப்தியன் தியேட்டர்: படத்தின் பெயருக்கு முன்னால் பார்க்க வேண்டியது

இந்தத் தியேட்டருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் படத்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கட்டிவிடுகிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் 35 எம்எம், 70 எம்எம் (இரண்டும் ஃபிலிமின் அகலம்), நைட்ரேட் (எளிதில் தீப்பற்றும் பழைய ஃபிலிம்), டிசிபி (டிஜிட்டல் கோப்பு) என்று ஏதாவது ஒன்று இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கட்டடத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆனாலும் நீங்கள் உட்காரப்போகும் ஹாலில் பழசு கொஞ்சம்தான் மிச்சம். பழைய காலம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் இடம், பின்பக்கம் மேலே இருக்கும் புரொஜக்டர் ரூம்.

1922 அக்டோபர் 18 அன்று தியேட்டர் அதிபர் சிட் கிராமன் இதைத் திறந்தார். முதல் படம் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘ராபின் ஹூட்’. ஹாலிவுட்டின் முதல் பிரீமியர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட பரபரப்பில் கட்டிய தியேட்டர் என்று யாராவது விளக்கினால் நம்ப வேண்டாம், தேதி இடிக்கிறது: கல்லறை கிடைத்தது நவம்பர் 4. முதலில் போட்ட பிளான் ஸ்பானிய பாணி, பாதியில்தான் எகிப்துக்குத் தாவினார்கள். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் எகிப்துக்குச் சற்றும் ஒட்டாத ஓடுகள் தெரியும். அவை அந்தப் பழைய பிளானின் மிச்சம்.

திறந்தபோது 1,771 இருக்கை. மௌனப் பட காலம், படத்துக்கு முன் மேடையில் ஆட்டபாட்டம் உண்டு, வாத்தியக் குழு உண்டு. அதனால் ஸ்கிரீனைச் சுற்றித் தூண்களும் ஸ்பிங்க்ஸ் சிலைகளுமாக மேடை பெரிதாக இருந்தது. 1955இல் டாட்-ஏஓ என்ற 70 எம்எம் முறை வந்தது. அதற்கு அகலமான, வளைந்த ஸ்கிரீன் வேண்டும். மேடை முகப்பு வழிவிட வேண்டியதாயிற்று. டிவியோடு போட்டிபோட வந்த அகலத் திரை, தியேட்டரின் அழகைத்தான் முதலில் தின்றது. தப்பித்தது மேற்கூரையில் இருக்கும் சூரியக்கதிர் அலங்காரம். விளக்கு அணைவதற்கு முன் ஒருமுறை தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுங்கள்.

பிறகு தியேட்டர் இருக்கும் ஹாலிவுட் புலிவார்டு சாலையே தேய்ந்தது, தியேட்டரும் சேர்ந்து தேய்ந்தது. 1992இல் மூடினார்கள், 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் சுவர்கள் அடிவாங்கின. 1996இல் நகர நிர்வாகம் இதை பழைய படங்களைத் திரையிடும் அமெரிக்கன் சினிமாதெக் என்ற அமைப்புக்கு 1 டாலருக்குக் கொடுத்தது, மறுபடி தியேட்டராகவே திறக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1998 டிசம்பரில் திறந்தபோது பழைய சுவர்களுக்கு உள்ளேயே தனியாக ஓர் இரும்புச் சட்டத்தில் புது ஹாலை நிறுத்தியிருந்தார்கள். 616 இருக்கை. 2020இல் நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. சுமார் 7 கோடி டாலர் செலவில் புதுப்பித்து 2023 நவம்பர் 9 அன்று திறந்தார்கள். இப்போது 516 இருக்கை. முதல் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பார்வையாளருக்கு இதில் நஷ்டம் இல்லை.

இனி நைட்ரேட். 1950களின் தொடக்கம் வரை 35 எம்எம் ஃபிலிம் செல்லுலோஸ் நைட்ரேட்டில்தான் வந்தது. பற்றிக்கொண்டால் எரிவதற்கான ஆக்சிஜனை அதுவே கொடுத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் போட்டாலும் எரியும். ஆகவே நைட்ரேட் ஓட்டும் ரூமில் ஏற்பாடெல்லாம் தீயை அணைப்பதற்காக இல்லை, அந்த ரூமைத் தாண்டவிடாமல் அடைப்பதற்காக. ரீல்கள் மூடிய பெட்டிக்குள் சுற்றும். ஃபிலிம் நுழையும் வாயில் நெருக்கமான உருளைகள், தீ உள்ளே புகாமல் இருக்க. வேகம் குறைந்தால் விளக்குக்கும் ஃபிலிமுக்கும் நடுவே தகடு ஒன்று தானாக விழும். ஓடாமல் நின்ற ஃபிலிம் மீது அந்த வெளிச்சம் சில நொடி பட்டாலே போதும், கதை முடிந்தது. சூடேறினால் ஹாலைப் பார்த்த ஜன்னல்களிலும் இரும்புக் கதவு இறங்கும். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு நைட்ரேட் ஓட்டும் தியேட்டர்கள் கைவிரல் எண்ணிக்கைக்குள்தான். நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் மியூசியத்தின் ட்ரைடன் அரங்கு ஒன்று, இது ஒன்று. இங்கே அந்த வசதியைச் சேர்த்தது 2016இல்.

தீயைவிட அடிக்கடி தொல்லை தருவது ஃபிலிம் சுருங்குவதுதான். 35 எம்எம் பிரிண்டின் ஓரத்தில், பற்சக்கரம் மாட்டும் ஓட்டைகளில், ஓட்டைக்கு ஓட்டை 4.75 மில்லிமீட்டர். பழைய ஃபிலிம் 1 சதவீதம் சுருங்கினால் ஓர் ஓட்டைக்கு 0.05 கூட வித்தியாசம் வராது. ஆனால் பற்சக்கரத்தில் ஒரே சமயம் ஐந்தாறு பற்கள் மாட்டியிருக்கும், கடைசிப் பல்லுக்கு வரும்போது கால் மில்லிமீட்டர் விலகிவிடும். ஓட்டை கிழிய அது போதும். அதனால்தான் ஃபிலிம் காப்பகங்கள் சுருக்கத்தை அளந்து பார்த்த பிறகே பிரிண்டை அனுப்புகின்றன. படம் லேசாக ஆடுவதற்கும் இதுவே காரணம், ஆபரேட்டரைத் திட்டாதீர்கள்.

நைட்ரேட் பிரிண்டின் மினுமினுப்புக்கு ஃபிலிமில் இருக்கும் வெள்ளிதான் காரணம் என்று மந்திரம்போலச் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிக் காரணம் வேறு. படம் வெளிவந்த காலத்திலேயே ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து நேராக எடுத்த பிரிண்ட் அது. காப்பிக்குக் காப்பி எடுக்கும்போது நிழல் பகுதியில் காணாமல் போகும் விவரம் இதில் அப்படியே இருக்கும். கறுப்புக் கோட்டின் மடிப்பைக் கவனியுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

70 எம்எம் என்று போட்டிருந்தால் இரண்டு கேள்வி. முதலாவது, 65 எம்எம் கேமராவில் (70 எம்எம் பிரிண்டுக்கான நெகட்டிவ் அந்த அகலம்தான்) எடுத்ததா, 35ஐப் பெரிதாக்கியதா? நிஜ 70இல் பிம்பத்தின் பரப்பு 35 எம்எம் ஸ்கோப்பைப் (35இல் வரும் அகலத் திரை வகை) போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பெரிதாக்கியதில் வெளிச்சமும் நிலைத்தன்மையும் கூடும், விவரம் கூடாது. இரண்டாவது, பிரிண்ட் எந்த ஆண்டுடையது? 1980களின் தொடக்கத்துக்கு முந்தைய ஈஸ்ட்மன் கலர் பிரிண்டில் நீலமும் பச்சையும் வெளிறி, வானம் முதல் புல் வரை ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருக்கும். புதிதாக எடுத்த பிரிண்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்.

இருக்கை: 70 எம்எம்முக்கு நடு வரிசைக்குக் கொஞ்சம் முன்னால், சரியாக நடுவில். நைட்ரேட் படங்கள் 1.37க்கு 1 என்ற சதுரம்போன்ற சட்டம். இருபக்கமும் கறுப்புத் துணி மூடி, நடுவில் சின்னதாகத்தான் தெரியும். அதற்கு இன்னும் இரண்டு வரிசை முன்னே போகலாம். ஓரத்தில் மட்டும் இடம் இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

ஃபிலிமில் ஓடுகிறதென்றால், 2,000 அடி ரீல் 22 நிமிடம் தாங்கும். காப்பகப் பிரிண்டுகளை வெட்டி ஒட்டி ஒரே சுருளாக்க அனுமதி கிடையாது. இரண்டு புரொஜக்டர் மெஷினும் மாறிமாறித்தான் ஓடும். ரீல் முடிய 8 நொடி இருக்கும்போது ஸ்கிரீனின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றும், நாலே ஃபிரேம். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போடு என்று அர்த்தம். முடிய ஒரு நொடி இருக்கையில் இன்னொரு புள்ளி, உடனே மாற்று. இரண்டுக்கும் நடுவே துள்ளலோ இருட்டோ தெரியவில்லை என்றால் மேலே நல்ல கை இருக்கிறது.

நெட்ஃபிளிக்ஸ் வாங்கிய பிறகும் சினிமாதெக் நிகழ்ச்சிகள் உண்டு, வெள்ளி முதல் ஞாயிறு வரை. வார நாட்கள் நெட்ஃபிளிக்ஸுக்கு, அவர்களுடைய சொந்த விழாக்களும் அப்போதுதான். டிசிபி என்று மட்டும் போட்ட காட்சிக்காக ஊரைக் கடந்து வர வேண்டியதில்லை. 4கே புரொஜக்டரும் அட்மாஸ் ஒலியமைப்பும் நல்ல மல்டிபிளெக்ஸில் கிடைக்கும். ஹாலிவுட் புலிவார்டில் கதவு எண் 6712. மெட்ரோ பி லைனில் ஹாலிவுட்/ஹைலண்டில் இறங்கிக் கிழக்கே சில நிமிட நடை.